இந்த வருடத்தின் நல்ல கச்சேரி

வருடக் கடைசி. எல்லோரும் பார்த்த மியூசிக்கல் ஷோக்களின் பட்டியல் போடுகிறீர்கள். 2022க்கு எங்கட பட்டியலில் ஒன்றுதான். அதையும் வில்கமுவயில் கரண்ட் வந்த நேரங்களில் போனில்தான் பார்த்தோம். 13 மணித்தியால மின்வெட்டை அதற்குள் மறந்துவிட்டீர்களா?

ஏப்ரல் 9இல் தொடங்கிய காலிமுகத்திடல் அது. நோன்பு மாதம். ராப் பாடகர் ஷிராஸ் ருட்போய் அங்கே பாடிவிட்டு மாரடைப்பில் மௌத்தானார். அதற்கும் "கூத்தும் கும்மாளமும், போராட்டமா இது?" என்று எழுதினவர்கள் எங்கட ஆட்களிலும் இருந்தார்கள்.

இசை கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் விடுவோம். கல்யாண வீட்டில் பாட்டுப் போடும்போது உங்களுக்கு அந்தக் கேள்வி வரவில்லையே!

டிக்கெட் எடுத்துக் கதிரையில் இருந்து கேட்டால் கலை. பசித்தவன் ரோட்டில் பாடினால் கூச்சல். எழுபதுகளில் இங்கிலாந்தில் பங்க் பாடின பிள்ளைகளுக்கும் இதே ஏச்சுத்தான். 2018இல் சென்னையில் சாதிக்கெதிராகக் கானாவும் ராப்பும் பாடிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வீடியோவை மட்டும் ஷேர் பண்ணுகிறீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் என்பதாலா?

சுருதி இல்லை என்று சிரித்த ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021இல் சம்பளத்துக்காக நாங்கள் எல்லோரும் ரோட்டில் கத்தினோமே, சுருதி பார்த்தா கத்தினோம்?