தெளிக்க மறுத்த திராட்சை விவசாயி

கேள்வி: ‘‘பிரான்ஸ் நாட்டில் இயற்கை முறையில் திராட்சை சாகுபடி செய்யும் ஒரு விவசாயி, பூச்சிமருந்து அடிக்க மறுத்ததற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டோம். உண்மையா? இயற்கை விவசாயத்துக்கு அவ்வளவு மதிப்பு கொடுக்கும் நாட்டில் அப்படி ஏன் நடந்தது?’’

உண்மைதான். அந்த விவசாயியின் பெயர் இமானுவேல் ஜிபுலோ. பிரான்ஸின் கிழக்குப் பகுதியில் உள்ள பர்கண்டி வட்டாரத்தில், ‘போன்’ என்ற சிறு நகரத்தை ஒட்டி அவருடைய தோட்டங்கள் இருக்கின்றன. மொத்தம் சுமார் 10 ஹெக்டேர். நம் கணக்கில் 25 ஏக்கர். குடும்பமாகப் பார்த்து வரும் நிலம். 1970-களிலேயே அவருடைய தந்தை இரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறிவிட்டார். மகன் காலத்தில் அது உயிராற்றல் வேளாண்மையாக வளர்ந்தது.

வழக்கைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த ஊர் விவசாயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துண்டு துண்டான நிலம்

பர்கண்டியில் நிலம் நம்மூர் போலவே பாகம் பிரிந்து பிரிந்து சிறுத்துப் போனது. பிள்ளைகளுக்குச் சொத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்பது 200 ஆண்டுகளாக அங்கே சட்டம். ஒரே குடும்பத்துக்கு இங்கே கால் ஏக்கர், அங்கே அரை ஏக்கர் என்று பல இடங்களில் நிலம் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் உண்டு. மண்ணும் சரிவும் மாறினால் பழத்தின் ருசியும் மாறும் என்பது அவர்கள் அனுபவம். இப்படிப் பெயர் பெற்ற துண்டுகள் ஆயிரத்துக்கும் மேல். 2015-ல் யுனெஸ்கோ அந்த நிலப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுக் கொடியை மேலே படர விடுகிறோம். அங்கே பந்தல் கிடையாது. ஒரு மீட்டருக்கு ஒரு கொடி நட்டு, கம்பி கட்டி, இடுப்பளவிலேயே கவாத்து செய்து வைத்திருப்பார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 10,000 கொடிகள். சிவப்புக்கு ‘பினோ நுவார்’, வெள்ளைக்கு ‘ஷார்தொனே’ என்று இரண்டு ரகங்களே பெரும்பாலும். பழம் சாப்பிடுவதற்கு அல்ல, ஒயினுக்கு.

ஆக, இயற்கை விவசாயியின் வரிசையும் இரசாயன விவசாயியின் வரிசையும் தோளோடு தோள் உரசி நிற்கும். இவர் வயலில் வரும் பூச்சி அவர் வயலுக்குப் போகும். அவர் அடிக்கும் மருந்து இவர் வயலில் வந்து விழும். வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இயற்கை முறை என்றால் என்ன செய்கிறார்கள்?

களைக்கொல்லி கிடையாது. வரிசைகளுக்கு நடுவே உழுகிறார்கள், அல்லது புல்லை வளரவிட்டு அறுக்கிறார்கள். உயிராற்றல் முறையில், பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, பிறகு எடுத்து நீரில் கலக்கித் தெளிப்பார்கள். நம் இயற்கை விவசாயிகளுக்கு ‘கொம்பு சாண உரம்’ என்று நன்றாகப் பழக்கமான அதே பொருள்தான். ருடால்ஃப் ஸ்டைனர் என்பவர் 1924-ல் ஆற்றிய உரைகளிலிருந்து இந்த முறை தொடங்கியது.

‘இயற்கை முறை என்றால் எதையும் தெளிக்கக் கூடாது’ என்று நினைத்தால் அது தவறு. திராட்சைக்குச் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் தீராத எதிரிகள். முன்னதற்குக் கந்தகம், பின்னதற்குத் தாமிரம் தெளிக்கிறார்கள். நம் தென்னைக்கும் வெற்றிலைக்கும் திராட்சைக்கும் பயன்படுத்தும் போர்டோ கலவை பிறந்த நாடே பிரான்ஸ்தான். போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து வந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருந்ததைப் பேராசிரியர் மிலார்தே கவனித்து, சோதித்து, 1885-ல் வெளியிட்டார்.

ஆனால் தாமிரம் மண்ணில் தங்கிவிடும். அளவு மீறினால் மண்புழுவுக்கு ஆகாது. எனவே ஐரோப்பாவில் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் போகக் கூடாது என்று 2019 முதல் வரம்பு இருக்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. இரசாயனத்திலிருந்து இயற்கை முறைக்கு மாறும் தோட்டம் மூன்று ஆண்டுகள் காத்திருந்த பிறகே சான்றிதழ் கிடைக்கும்.

அறுவடைக்குப் பின் நடப்பதும் பழைய முறைதான். பழத்தைக் கையால் பறித்து, அழுகலை நீக்கிவிட்டுப் பிழிகிறார்கள். நொதிக்க வைப்பதற்குக் கடையில் ஈஸ்ட் வாங்குவதில்லை. இட்லி மாவு யாரும் எதுவும் சேர்க்காமலே பொங்குகிறதே, அதுபோலப் பழத்தோலோடும் நிலவறையிலும் இருக்கும் ஈஸ்ட்டே வேலையைச் செய்கிறது. பிறகு 228 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டுக்கும் வரம்பு உண்டு. இயற்கைச் சான்று பெற்ற சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிவப்பு ஒயினுக்கு 150. ‘இயற்கை ஒயின்’ என்று சீட்டு ஒட்டும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்ததே 2012-ல்தான். அதுவரை ‘இயற்கைத் திராட்சையில் செய்தது’ என்றுதான் போட முடிந்தது.

வயலில் இருக்கும் நன்மை செய்யும் பூச்சிகளும், பழத்தோலில் இருக்கும் நுண்ணுயிர்களும்தான் இந்தத் தொழிலுக்கு முதல். அது போனால் 40 ஆண்டு உழைப்பு போய்விடும் என்பது ஜிபுலோவின் கவலை.

பொன்மஞ்சள் நோய்

இப்போது நோய்க்கு வருவோம். பிரெஞ்சில் இதன் பெயர் ‘ஃப்ளேவசான்ஸ் டோரே’. பொன் போல மஞ்சளாவது என்று பொருள். இதை உண்டாக்குவது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். கத்தரியில் சிற்றிலை நோயையும், எள்ளில் பூவெல்லாம் இலையாக மாறிப்போகும் பச்சைப்பூ நோயையும் உண்டாக்கும் அதே வகை. அவற்றைப் போலவே இதையும் பரப்புவது ஒரு தத்துப்பூச்சி. வட அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி அது. பிரான்ஸில் 1950-களிலிருந்து இந்த நோய் இருக்கிறது.

நோய் தாக்கிய கொடியில் இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். வெள்ளை ரகத்தில் மஞ்சளாகவும் சிவப்பு ரகத்தில் சிவப்பாகவும் மாறும். தண்டு முற்றாமல் ரப்பர் போலத் தொங்கும். குலை வாடிக் காய்ந்துவிடும். மருந்தே கிடையாது. கொடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் 20 சதவிகிதத்துக்கு மேல் கொடிகள் பாதிக்கப்பட்டால் முழுத் தோட்டத்தையும் அழிக்க வேண்டும் என்பது விதி.

இதில் பெரிய சிக்கல், இந்த ஆண்டு நோய் ஏறிய கொடி பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான் அறிகுறி காட்டும். கண்ணுக்குத் தெரியும்போது பக்கத்துக் கொடிகளுக்கும் பரவியிருக்கும்.

ஆணையும் வழக்கும்

பர்கண்டியின் தெற்கே உள்ள சோன் எ லுவார் மாவட்டத்தில் நோய் கண்டு, கொடிகள் பிடுங்கி அழிக்கப்பட்டன. பயந்துபோன நிர்வாகம், 2013 ஜூன் மாதம், ஜிபுலோவின் தோட்டம் இருக்கும் கோத் தோர் மாவட்டம் முழுவதும் தத்துப்பூச்சிக்கு எதிராகக் கட்டாயம் மருந்து தெளிக்க வேண்டும் என்று ஆணை போட்டது. இயற்கை விவசாயிகளுக்கு என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவகைச் செவ்வந்திப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின். இயற்கை விவசாயச் சான்றில் அனுமதிக்கப்பட்ட மருந்துதான்.

ஜிபுலோ அதையும் தெளிக்கவில்லை. ‘பூவிலிருந்து வந்தாலும் அது தேனீயையும் கொல்லும், தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் கொல்லும். என் தோட்டத்துக்குப் பக்கத்தில் நோயே இல்லாதபோது எதற்காகத் தெளிக்க வேண்டும்?’ என்பது அவர் வாதம். அந்தக் கோடையில் ஆய்வுக்கு வந்த அதிகாரிகளிடம் தெளிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

வழக்குப் பதிவானது. சட்டப்படி ஆறு மாதச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் வரை போகக்கூடிய குற்றம். 2014 பிப்ரவரியில் திஜோன் நகர நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது வெளியே ஆதரவாளர்கள் திரண்டு நின்றார்கள். பல இலட்சம் பேர் அவருக்காகக் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் மாதத் தீர்ப்பில் 1,000 யூரோ அபராதம். அதில் 500 நிறுத்திவைக்கப்பட்டது. சிறை இல்லை. ஆனாலும் அவர் மேல்முறையீடு செய்தார். 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘இயற்கை விவசாயி தெளிக்க வேண்டியதில்லை’ என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. மாவட்ட நிர்வாகம் அந்த ஆணையை, வேளாண் அமைச்சகத்தின் உரிய ஒப்புதல் இல்லாமல் போட்டது. அதனால் ஆணையே செல்லாது. செல்லாத ஆணையை மீறியது குற்றமாகாது. தீர்ப்பு அவ்வளவுதான்.

அடுத்த வயல்காரரின் பக்கம்

ஜிபுலோவை எல்லோரும் பாராட்டவில்லை. எதிர்த்தவர்களில் இயற்கை விவசாயிகளும் உண்டு. ‘அவர் தோட்டத்தில் பூச்சி பெருகி என் கொடிக்கு நோய் வந்தால், என் தாத்தா நட்ட தோட்டத்தை நான் எரிக்க வேண்டும். அதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 40, 50 ஆண்டு பலன் தரும் கொடி அது. பிடுங்கி மறுபடி நட்டால் ஒழுங்கான மகசூல் வரப் பல ஆண்டுகள் ஆகும்.

இந்த மோதலுக்கு வழி கிடைத்தது நீதிமன்றத்தில் அல்ல, வயலில். அடுத்த ஆண்டுகளில் மாவட்டம் முழுவதும் தெளிப்பதைக் கைவிட்டு, நோய் ஆபத்துள்ள பகுதிகளுக்கு மட்டும் கட்டாயத்தைச் சுருக்கினார்கள். அதற்குப் பதிலாகக் கண்காணிப்பைக் கூட்டினார்கள். ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரில், அறிகுறி நன்றாகத் தெரியும் பருவத்தில், ஊர் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு கொடியையும் பார்ப்பார்கள். இவர் தோட்டம், அவர் தோட்டம் என்ற பேதம் கிடையாது. சந்தேகப்படும் கொடியை அடையாளமிட்டு, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உறுதியானால் அந்தக் கொடி உடனே வெளியேறும்.

நாற்றங்காலிலும் கட்டுப்பாடு உண்டு. கன்றுகளை 50 டிகிரி வெந்நீரில் 45 நிமிடம் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் நோய்க்கிருமி செத்துவிடும். தத்துப்பூச்சியின் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது நோயோடு வருவதில்லை. நோயுள்ள கொடியைச் சப்பிய பிறகுதான், சுமார் ஒரு மாதம் கழித்து, பரப்பும் சக்தி அதற்கு வருகிறது. எனவே நோயுள்ள கொடியே இல்லாவிட்டால் பூச்சி இருந்தும் பயமில்லை. இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் மருந்தைக் குறைத்தார்கள்.

நம் வயலுக்கு

பைட்டோபிளாஸ்மா நோய்கள் நமக்குப் புதிதல்ல. பொள்ளாச்சி வட்டாரத் தென்னை விவசாயிகளைத் தூங்கவிடாத கேரள வேர் வாடல் நோயும் இந்த வகைதான். அதற்கும் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனவே மேலே சொன்னவற்றில் மூன்று விஷயங்கள் நமக்கும் பொருந்தும்.

ஒன்று: நோயுள்ள செடியை ‘இன்னும் நாலு காய் வருமே’ என்று விட்டு வைக்கக் கூடாது. கத்தரியில் இலை சிறுத்துப் புதர் போல ஆன செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழிக்க வேண்டும். அது காய்க்கப் போவதில்லை, பரப்பத்தான் போகிறது. எள்ளிலும் அப்படியே. எள் ஆறு வரிசைக்குத் துவரை ஒரு வரிசை ஊடுபயிராக விதைத்தால் பச்சைப்பூ நோய் குறையும்.

இரண்டு: கன்று, நாற்று வாங்கும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நோய் பெரும்பாலும் புது ஊருக்கு வந்து இறங்குவது வண்டியில்தான். நோய் கண்ட பகுதியிலிருந்து கன்று எடுக்காமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு.

மூன்று: மருந்தைக் குறைக்க விரும்புகிறவர், வயலில் நடப்பதைக் கூட்ட வேண்டும். அதுவும் தனியாக அல்ல. பக்கத்து வயல்காரர் இரசாயனம் போடுகிறவராக இருந்தாலும், அவரையும் கூட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு வயலையும் சுற்றி வர வேண்டும். நோய்க்கு வரப்பு தெரியாது. இயற்கை விவசாயி மருந்தடிக்க மறுக்கலாம். ஆனால் அந்த மறுப்பால் அடுத்தவருக்கு நட்டம் வராது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. சந்தேகம் வந்தால் செடியின் மாதிரியோடு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண் அலுவலகத்தையோ அணுகலாம்.