நல்ல மரம் சரி... ஒரே மரம் போதுமா?

சவுக்கோ, ஆர்.எஸ்.பதி எனப்படும் தைல மரமோ, நர்சரியில் விவசாயி கேட்கும் முதல் கேள்வி, "எந்த குளோன் நல்லா வரும்?" என்பதுதான். கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் ஒரே ஒரு குளோனை வாங்கித் தோட்டம் முழுக்க நட்டுவிடுவது ஆபத்து.

பிளஸ் ட்ரீ என்றால் என்ன?

ஒரே வயது மரங்கள் உள்ள தோப்பில் மற்றவற்றைவிட உயரமாக, பருமனாக, நேராக, நோயில்லாமல் நிற்கும் மரத்தைத்தான் 'பிளஸ் ட்ரீ' என்கிறார்கள். ஆனால் வாய்க்கால் ஓரத்தில் நிற்பதாலேயே ஒரு மரம் செழித்திருக்கலாம். அதனால் அதிலிருந்து உருவான கன்றுகளைப் பல ஊர் மண்ணில் நட்டுப் பார்த்த பிறகே தேர்வு உறுதியாகும். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இதுபோன்ற ஆய்வுகளைச் செய்கிறது.

சிக்கல் எங்கே?

ஒரே தாய்மரத்தின் விதைக்கன்றுகள் அண்ணன் தம்பி மாதிரி. சாயல் இருக்கும், குணம் மாறும். குளோன் என்பது அந்த மரத்தின் அசல் நகல். எல்லாம் ஒரே சீராக வளரும், ஒரே நேரத்தில் வெட்டலாம். ஆனால் ஒரு பூச்சிக்கு ஒரு மரம் தாங்கவில்லை என்றால், பக்கத்து மரமும் தாங்காது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட 'லெப்டோசைபி இன்வேசா' என்ற குளவி, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தென்னிந்தியத் தைல மரங்களைத் தாக்கியது. அதன் நீளம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. இலை நரம்பிலும் காம்பிலும் முட்டையிடும். அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கும். இளங்கன்று வளராமல் முடங்கிவிடும். சில குளோன்கள் படுத்தேவிட்டன, சில தாக்குப்பிடித்தன. அந்த வித்தியாசம்தான் மரபணுப் பன்மை. விவசாயிக்கு அதுதான் இன்சூரன்ஸ்.

என்ன செய்யணும்?

நெல் போட்டவர் அடுத்த போகத்தில் ரகத்தை மாற்றிக்கொள்ளலாம். தைல மரம் நட்டவர் நாலைந்து வருஷம் காத்திருக்கணும். தேக்கு என்றால் பாதி ஆயுள். எனவே நாலைந்து குளோன்களைத் தனித்தனித் துண்டுகளாக நடுவதே புத்திசாலித்தனம். ஒன்று போனாலும் மற்றவை கைகொடுக்கும்.

இந்தப் பொறுப்பை விவசாயி தலையில் மட்டும் கட்டக் கூடாது. எந்த குளோன் என்பதை நர்சரிகள் பில்லிலேயே எழுதித் தரணும். கன்று விநியோகிக்கும் காகித ஆலைகள் ஒரே ரகத்தைத் தள்ளிவிடக் கூடாது. இன்று 'சுமார்' என்று கழித்துக்கட்டும் மரங்களின் விதைகளையும் அரசு பாதுகாக்கணும். நாளை வரப்போகும் பூச்சியைத் தாங்கும் குணம் அவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கலாம். வெட்டிவிட்டால், பிறகு தேடினாலும் கிடைக்காது.