தலையெழுத்தல்ல, தோழர்களே!

இருபது ஆண்டுகள் தீப்பெட்டித் தொழிற்சாலையில் உழைத்த தோழர் அவர். கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டு ஊர் ஒன்றில் இரண்டரை சென்ட் மனை. அதில் ஒரு சிறு வீடு கட்ட வேண்டும். மழைக்கு ஒழுகாத கூரையின் கீழே மகளுக்கு மணமுடிக்க வேண்டும். இதுதான் ஆசை. மாடமாளிகை கேட்டாரா? கூடகோபுரம் கேட்டாரா? இல்லை!

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். அதிகாரி கணிப்பொறியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "உங்கள் சிபில் சரியில்லையே!" என்றார். அவ்வளவுதான். தோழர் திரும்பி வந்து நம்மிடம் சொன்னார்: "என்ன செய்வது? எல்லாம் என் தலையெழுத்து!"

தலையெழுத்து! எத்தனை காலமாகக் கேட்டுச் சலித்த சொல்! நாம் அவரைக் கேட்டோம்: "எழுதியவர் யார்? எழுதியதை நீங்கள் படித்தீர்களா?" படிக்கவில்லை என்றார். படித்துப் பார்ப்போம் என்று அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தோம்.

என்ன கண்டோம்? ஆறு ஆண்டுகளுக்கு முன்பு கட்டி முடித்த மோட்டார் சைக்கிள் கடன், இன்னும் முடியாத கடனாக நின்றது. அதற்குக் கீழே அவர் வாங்கவே வாங்காத இன்னொரு கடன்! அதே பெயர், அதே தலைப்பெழுத்து உடைய வேறொருவர் வாங்கியது. எவரோ வாங்கினார், எங்கோ ஒரு குமாஸ்தா பதிந்தார், நம் தோழரின் வீடு நின்றது!

இது பிரமன் எழுத்தா? குமாஸ்தா எழுத்து! பிரமன் எழுத்தை அழிக்க முடியாது என்றார்கள். குமாஸ்தா எழுத்தைத் திருத்த முடியும்; திருத்தித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

சித்திரகுப்தன் கணக்கு என்று கதை சொன்னார்களே, அந்த ஏட்டைக் கண்டவர் எவருமில்லை. இந்த ஏட்டையோ நாம் காணலாம். சிபில் என்ற நிறுவனம் 2000-இல் தோன்றியது. 2005-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்றே நாடாளுமன்றம் சட்டம் செய்தது. இன்று இந்த வேலையைச் செய்வோர் நால்வர்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். வங்கியும் நிதி நிறுவனமும் நம் கடன் கணக்கை இவர்களுக்கு அனுப்புகின்றன. இவர்கள் அதைக் கூட்டிக் கழித்து, 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை நமக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கியின் கட்டளை. நால்வரிடமும் தனித்தனியே கேட்கலாம். காசு கொடுக்க வேண்டாம். கைகட்டி நிற்க வேண்டாம்!

கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரியாததா? மழை பெய்தால் உப்பும்; வெயில் காய்ந்தால் பிளக்கும். கரிசல் கழிந்து கெட்டித் தரை தட்டும் வரை தோண்டாமல் அஸ்திவாரம் போட்டால் சுவர் வெடிக்கும் என்று கொத்தனார் சொல்வார். வீட்டுக் கடனுக்கும் அதே விதிதான். மனுப் போடுவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே அறிக்கையைத் தோண்டிப் பாருங்கள்.

பெயர் சரியா? பிறந்த தேதி சரியா? பான் எண் நம்முடையதா? ஒவ்வொரு கடனும் நாம் வாங்கியதா? கட்டி முடித்தது முடிந்ததாகக் காட்டப்பட்டிருக்கிறதா? மகளிர் குழுக் கடன், நகைக் கடன், கைப்பேசிக்குத் தவணை, நண்பருக்குப் போட்ட ஜாமீன் — அனைத்தும் அதில் ஏறும். ஜாமீன் போட்டவர் பெயரும் கெடும் என்பதை மறவாதீர்!

பிழை கண்டால் கடன் தந்த இடத்தில் நிலுவையில்லை என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். அறிக்கை தந்த நிறுவனத்திடமோ, கடன் தந்த வங்கியிடமோ புகாரைப் பதியுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு! 2024 ஏப்ரல் முதல் இது நடப்பில் உள்ள விதி. அப்போதும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கும் கட்டணமில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்வோம். நாம் வாங்கி, நாம் கட்டாத கடன் பிழையல்ல, உண்மை. அதைக் கட்டித்தான் தீர வேண்டும். பாதியைக் கட்டி 'செட்டில்மென்ட்' முடித்தால் அந்தச் சொல்லே அறிக்கையில் ஏறி நம்மைத் தடுக்கும். முடிந்தால் முழுதும் கட்டுங்கள். "ஐயாயிரம் கொடு, மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறேன்" என்று வரும் தரகனை வாசலோடு அனுப்புங்கள்! பொய்யான பதிவைத் திருத்தக் காசு வேண்டாம். மெய்யான பதிவை எவனாலும் அழிக்க முடியாது.

"ஆயிரக்கணக்கான கோடியை நிலுவை வைத்து 2016-இல் இலண்டன் போய்ச் சேர்ந்தாரே விஜய் மல்லையா, அவருக்கெல்லாம் கடன் கொடுத்தவர்கள் எங்களிடம் கணக்குக் கேட்பதா?" என்று தோழர்கள் குமுறுவது காதில் விழுகிறது. குமுறல் நியாயம்! ஆனால் குமுறிவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கு இலாபம்? வங்கி மூடிய கதவுக்கு எதிரே கந்துவட்டிக்காரன் கதவு திறந்தே இருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. வந்தும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கணவன், மனைவி, இரண்டு பச்சிளங் குழந்தைகள் என ஒரு குடும்பமே வெந்து மாண்டதை இந்த மண் மறக்குமா? ஒரு தவறான பதிவு ஓர் ஏழையை எந்த வாசலுக்குத் துரத்தும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இது. ஊர்தோறும் படிப்பகம் வைத்தோமே, எதற்கு? எழுத்தறியாதவருக்கு ஏடு படித்துக் காட்ட! அந்தப் பணி இன்னும் முடியவில்லை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், படித்த இளைஞர்கள் படிப்பகத்தில் அமருங்கள். ஆலைத் தோழருக்கும், தீப்பெட்டி ஒட்டும் தாய்மாருக்கும், பருத்தி விதைக்கும் உழவருக்கும் அவரவர் அறிக்கையை எடுத்துப் படித்துச் சொல்லுங்கள்; புகார் எழுதிக் கொடுங்கள். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை மட்டும் உரியவரே அழுத்தட்டும். அதை எவரும் கேட்கவும் கூடாது, எவருக்கும் சொல்லவும் கூடாது.

நம் தோழரின் புகார் போய்விட்டது. வாசற்படியில் நாள்காட்டியை மாட்டி, முப்பது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இப்போது அவர் தலையெழுத்து என்று சொல்வதில்லை. "தப்பாக எழுதியிருக்கிறார்கள், திருத்தச் சொல்லியிருக்கிறேன்" என்கிறார்.

நிமிர்ந்து நின்று சொல்கிறார்!