விழிப்புடன் இருக்க வேண்டியது வாடிக்கையாளர் மட்டும்தானா?

தொலைபேசியில் யாராவது ஏமாந்து பணத்தைப் பறிகொடுத்துவிட்டால் ஊரே கேட்கும் முதல் கேள்வி: "ஓ.டி.பி.யை ஏன் சொன்னாங்க? பேப்பர் படிக்கிறதே இல்லையா?" திருடனை யாரும் திட்டுவதில்லை. வங்கியைக் கேட்பதே இல்லை. பறிகொடுத்தவர்தான் கூண்டில் நிற்கிறார்.

வங்கிகளுக்கும் இது வசதிதான். "விழிப்புடன் இருங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது. ஆனால் முகம் தெரியாத குரல் கேட்டதும் பிறந்த தேதியை ஒப்பிக்கிற பழக்கத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? சாட்சாத் இந்த வங்கிகளும், காப்பீட்டு நிறுவனங்களும், அவற்றுக்காக ஆள் பிடிக்கிற ஏஜென்சிகளும்தான்.

இரண்டு அழைப்புகள்

மதியம் இரண்டு மணி. சாதாரணப் பத்து இலக்க எண். "சார், உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு பர்சனல் லோன் ரெடியா இருக்கு. இன்னிக்கு ஒருநாள்தான் ஆஃபர். வெரிஃபிகேஷனுக்கு டேட் ஆஃப் பர்த் மட்டும் சொல்லுங்க."

மறுநாள் அதே நேரம். இன்னொரு பத்து இலக்க எண். "சார், உங்க கார்டு இன்னிக்கு சாயங்காலம் பிளாக் ஆயிடும். கே.ஒய்.சி. அப்டேட் பண்ணணும். வெரிஃபிகேஷனுக்கு டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க."

முதலாவது நிஜ விற்பனை அழைப்பு. இரண்டாவது திருடன். கேட்பவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? இருவருக்கும் பெயர் தெரிந்திருக்கிறது. இருவரும் அவசரப்படுத்துகிறார்கள். தான் யார் என்பதை இருவருமே நிரூபிக்கவில்லை. இதில் பெரிய வேடிக்கை அந்த "வெரிஃபிகேஷன்" என்ற சொல். கூப்பிட்டது அவர்கள், அடையாளத்தை நிரூபிக்க வேண்டியது மட்டும் போனை எடுத்தவரா? வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆள், திறந்தவரிடம் ஆதார் கார்டு கேட்கிற கதை இது.

ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறார்கள். சரி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் ஒரு எண் கேட்கிறார். பார்சல் கொடுப்பவரும் கேட்கிறார். வாரம் நாலு தடவை எண் சொல்லிப் பழகிய அம்மா, ஐந்தாவது தடவை மட்டும் சுதாரிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

செலவு யார் தலையில்?

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரியாத கணக்கில்லை. ஒரு அழைப்புக்கு ஆகும் செலவு சொற்பம். ஏஜென்சிக்குக் கடன் விற்றால்தான் கமிஷன். ஆகவே நூறு பேரைத் தொல்லை செய்து ஒருவர் சிக்கினாலும் லாபம். மீதி 99 பேரின் நேரம், எரிச்சல், மெல்ல மெல்ல மழுங்கிப்போகிற எச்சரிக்கை உணர்வு... இவை எந்த வங்கியின் லாப நட்டக் கணக்கிலும் வராது. பொருளாதாரத்தில் எக்ஸ்டர்னாலிட்டி என்று படிப்பது இதைத்தான். சாயப்பட்டறைக் கழிவை நொய்யலில் விட்டார்கள். சட்டையை விற்றவருக்கு லாபம், ஆற்றங்கரை விவசாயிக்கு நட்டம். தொலைபேசி மீதான நம்பிக்கையும் அப்படி ஒரு ஆறுதான். அதில் திருடன் மட்டும் கழிவு கொட்டவில்லை.

சட்டம் இல்லையா?

தாராளமாக இருக்கிறது. வேண்டாத அழைப்புகளைத் தடுக்க ட்ராய் 2007-லேயே விதிமுறை கொண்டுவந்தது. 2010-ல் இன்னொன்று. 2018-ல் மூன்றாவது. விளம்பர அழைப்புக்கு என்றே 140-ல் தொடங்கும் எண்கள் 2011-ல் வந்தன. அந்த எண்ணைப் பார்த்தால் யாரும் எடுப்பதில்லை என்பதால், விற்பவர்கள் சாதாரணச் செல்பேசி எண்களுக்குத் தாவிவிட்டார்கள்!

வாடிக்கையாளர் சேவை அழைப்புகள் 1600 வரிசையிலிருந்துதான் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. கெடு 2025 மார்ச் 31. அதன் பிறகும் வணிக வங்கிகளுக்கு 2026 ஜனவரி 1 என்று ட்ராய் மறுபடி ஒரு கெடு வைக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் இ.எம்.ஐ. ஒருநாள் தவறினால் அபராதம் போடும் வங்கிகளுக்குத்தான் இத்தனை அவகாசம்.

ஏமாறுபவர்கள் முட்டாள்களா?

2024-ல் வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 7 கோடி ரூபாயை இழந்தார். சி.பி.ஐ. என்றார்கள், வீடியோவில் போலியாக உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டினார்கள். பத்மபூஷண் பெற்ற தொழிலதிபருக்கே இந்தக் கதி. இந்தியச் சட்டத்தில் "டிஜிட்டல் கைது" என்ற ஒன்றே கிடையாது. ஆனால் பயந்துபோன மனிதனிடம் சட்டம் பேசி என்ன பயன்? அந்த ஆண்டில் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடிகளில் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2023-ல் இது 7,465 கோடி. ஒரே வருடத்தில் மும்மடங்கு முட்டாள்கள் முளைத்துவிட்டார்களா என்ன?

பணம் போன பிறகு நடப்பது இன்னும் மோசம். ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான முழு நட்டமும் அவருடையதே என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. ஆனால் ஓ.டி.பி. சரியாகப் போடப்பட்டிருக்கிறது என்ற ஒற்றை வரி போதுமே, கதவைச் சாத்த!

மறுமுனையில் இருப்பவர்

இதற்காக டெலிகாலர் பெண்ணைக் கண்டபடி திட்டுவதில் வீரம் ஒன்றுமில்லை. டார்கெட் முடிக்காவிட்டால் வேலை போகும் என்ற பயத்தில் பேசுகிறவர் அவர். பி.காம். முடித்த பலருக்கு முதலில் கிடைக்கிற நாற்காலியும் அதுதான். ஏன், மோசடி அழைப்பின் மறுமுனையில் இருப்பவரே அடிமையாக இருக்கலாம். கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழக இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். கோபம் போக வேண்டிய இடம் குரல் அல்ல, அந்தக் குரலை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள்.

அதுவரை என்ன செய்வது?

1. கூப்பிட்டவரிடம் எதையும் "வெரிஃபை" செய்ய வேண்டாம். போனை வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குத் திரும்ப அழைப்பதே வழி. நிஜ வங்கி என்றால் பத்து நிமிடத்தில் ஓடிப்போகாது.

2. யு.பி.ஐ.யில் பணம் பெற பின் எண் தேவையே இல்லை. "பணம் அனுப்பறேன், பின் போடுங்க" என்றால் திருட்டு.

3. எந்தப் போலீசும் வீடியோ அழைப்பில் கைது செய்வதில்லை. "யாரிடமும் சொல்லாதே" என்றால், உடனே வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

4. விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909. பதிந்த பிறகும் வந்தால் புகார் செய்யலாம். 2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி, தடுப்புப் பட்டியலில் பதியாதவரும், பதிவில்லாமல் விற்கிறவர் மீது 7 நாளுக்குள் புகார் தரலாம்.

5. பணம் போய்விட்டால் அழுவதற்கு முன் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும். கையோடு வங்கிக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் வாடிக்கையாளர் செய்வார். பதிலுக்கு வங்கி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சாதாரண எண்ணிலிருந்து அழைப்பதையும், அழைத்துவிட்டு விவரம் கேட்பதையும் அடியோடு நிறுத்துவது. மீறினால் அந்த வாடிக்கையாளர் பின்னால் இழக்கும் பணத்தில் வங்கிக்கும் பங்கு உண்டு என்று விதி வரட்டும். நட்டம் தன் கணக்கில் விழுந்தால், அப்புறம் பாருங்கள், வங்கிக்கு எவ்வளவு சீக்கிரம் விழிப்பு வருகிறது என்று.