விருப்ப ஓய்வும் விருப்பக் கேள்வியும்

முதலாளி உலகத்துக்குப் புதியதொரு பூசை முறை வாய்த்திருக்கிறது. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்பன அதன் மூன்று மந்திரங்கள்! இலாபக் கணக்கோடு இவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பங்குச் சந்தை மதிப்பிலே முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் பொறுப்பறிக்கை தந்தாக வேண்டும் என்று 2022–23 முதல் 'செபி' கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், கணக்கே காட்டாதவனைவிடக் காட்டுகிறவன் மேல். ஆனால் அந்த ஏட்டிலே எவருக்கு இடமுண்டு, எவருக்கு இடமில்லை என்று பார்க்க வேண்டாமா?

மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறுவோம், வாருங்கள்.

1929இலே சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,373 ஏக்கர் மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். (1885இலே பர்மிய மன்னன் தீபோவின் அரசவை இந்தக் கம்பெனிக்குத் தண்டம் விதித்ததைச் சாக்காக்கித்தான் வெள்ளையன் படையெடுத்து அந்த நாட்டையே விழுங்கினான். பழைய பெருமைதான்!) மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி: இத்தனை மலைச்சரிவிலும் தேயிலை வளர்த்தவர் யார்? அட்டை கடித்த காலோடும் மழையில் விறைத்த விரலோடும் கொழுந்து கிள்ளிய ஏழைகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். கூலி உயர்வும், சிறைப்பட்ட தோழர்களின் விடுதலையும் கேட்டு நெல்லைக்கு ஊர்வலம் வந்தார்களே, 1999 ஜூலை 23இலே! கொக்கிரகுளத்திலே தடி சுழன்றது. பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 உயிர்களைப் பொருநை வாங்கிக்கொண்டது.

2024இலே அந்த மக்களுக்கு வந்தது இன்னொரு ஓலை. 'விருப்ப ஓய்வு' என்று அதற்குப் பெயர். யாருடைய விருப்பம்? நான்கைந்து தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த லைன் வீட்டைவிட்டு இறங்குவது எந்தத் தாயின் விருப்பம்?

"காடு மீள வேண்டாமா? புலிகள் காப்பகமல்லவா? உயர்நீதிமன்றமும் காட்டின் பக்கமல்லவா நின்றது?" என்பார்கள். மீளட்டும்! பொருநை பிறக்கும் மலையைக் காப்பதற்கு நாம் பகைவரல்ல. ஆனால் காட்டை அழித்து இலாபம் கண்டவன் வேறு. காடு மீள்வதற்காக வீட்டை இழப்பவன் வேறு. இது எந்த ஊர் நியாயம்? காட்டைத் திரும்பப் பெறுகிற அரசும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். கம்பெனியை மட்டும் குற்றக் கூண்டிலே ஏற்றிவிட்டுக் கோட்டை தப்பித்துக்கொள்ள முடியாது.

இனி, அந்தப் பொறுப்பறிக்கையைப் புரட்டுங்கள். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு? இவையெல்லாம் கட்டாயக் கேள்விகள். வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளிக்கு மறுவாழ்வுக்கு உதவி உண்டா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது, தோழர்களே! அது கட்டாயப் பகுதியிலே இல்லை. விரும்பினால் எழுதலாம் என்ற பகுதியிலே இருக்கிறது. விடையும் 'ஆம்' அல்லது 'இல்லை', ஒரே சொல்! தண்ணீருக்கு அளவுண்டு, தொழிலாளியின் கண்ணீருக்குக் கட்டம்கூட இல்லை.

கிளைக் கூட்டங்களிலே தீர்மானம் நிறைவேற்றி 'செபி'க்கு அனுப்புங்கள். அந்தக் கேள்வியைக் கட்டாயப் பகுதிக்கு மாற்றட்டும். எத்தனை குடும்பம் இறங்கியது, எந்த ஊரிலே வீடு, என்ன பிழைப்பு என்று எண்ணோடு எழுத வைக்கட்டும். குத்தகைக் கணக்கின் கடைசி ஆண்டு 2028.