சும்மா ஒரு கண் சொட்டு மருந்துதானே?



கொஞ்சம் நீளமான பதிவு. வாசித்து முடியக் கோபம் வந்தால் கொமெண்டில் ஏசுங்கள், பரவாயில்லை.

எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் ஒரு ராத்தா இருக்கிறார். ஊரில் எத்தனையோ பேருடைய பெருநாள் உடுப்பு அவருடைய கையால் தைத்ததுதான். போன வருடத் தொடக்கத்தில் அவருக்குக் கண் உறுத்தத் தொடங்கியது. மண் விழுந்த மாதிரி. பின்னேரம் ஆக ஆக எரிவு. ஊசியில் நூல் கோர்க்கக் குனிந்தால் தண்ணீர் பொலபொலவென்று வடியும். நாங்கள் என்ன செய்தோம்? உடம்புச் சூடு, எண்ணெய் வைத்து முழுகுங்கள் என்றோம். கண்ணூறு என்றோம். பன்னீர் விடச் சொன்னோம், தேன் விடச் சொன்னோம், தாய்ப்பால் விடச் சொன்னவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். கடைசியில் அவர் ஒரு பார்மசியில் போய்ச் சொல்ல, சின்னப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார்கள். டொக்டர் துண்டு கேட்கவில்லை. இரண்டு நாளில் சிவப்புப் போய்விட்டது. ராத்தாவுக்கும் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம். "அந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்க" என்று எங்களில் இரண்டு மூன்று பேர் எழுதியும் கொண்டு போனோம்.

பத்து மாதம் அந்த மருந்தை விட்டார். முடிய முடிய வாங்கி விட்டார்.

பிறகு வாசல் நிலையில் தோள் இடிபடத் தொடங்கியது. பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியவில்லை. கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போன பிறகுதான் விசயம் தெரிந்தது. கண்ணின் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப் போயிருக்கிறது. குளுக்கோமா. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டொக்டர். போத்தலில் இருந்தது டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட். ராத்தாவுக்கு முதலில் இருந்த வருத்தமோ வெறும் கண் வறட்சி.

"தண்ணீர் வடிகிற கண்ணுக்கு என்ன வறட்சி?" என்று நாங்களும் கேட்டோம். எங்கள் அறியாமை தொடங்குகிற இடம் அதுதான். கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் இல்லை. கண்ணின் மேல் ஒரு மெல்லிய படலமாக அது நிற்கிறது. அடியில் சளி போன்ற ஒரு பொருள் அதைக் கண்ணோடு ஒட்டி வைக்கிறது, நடுவில் நீர், மேலே எண்ணெய்ப் படை. அந்த எண்ணெய் இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. சுரப்பி அடைபட்டால் எண்ணெய் குறையும், நீர் சட்டென்று ஆவியாகும். பாத்திரத்துக்கு மூடி இல்லாத மாதிரி. காய்ந்த கண் எரியும்போது மூளை அவசரத்துக்குக் கண்ணீரை அள்ளி ஊற்றுகிறது. எண்ணெய் இல்லாத அந்த நீர் கண்ணில் நிற்காமல் கன்னத்தில் வடிகிறது. ஆக, வடிகிற கண்ணும் வறண்ட கண்ணாக இருக்கலாம். கண் வறட்சிக்காரரில் கூடுதலானவர்களுக்கு இந்த எண்ணெய்க் கோளாறில்தான் பங்கு இருக்கிறது.

இது யாருக்கு வரும்? ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு. சீனி வருத்தக்காரர், மூட்டுவாதக்காரர், கொண்டாக்ட் லென்ஸ் போடுபவர். தடிமனுக்கும் அலர்ஜிக்கும் நாங்கள் கைக்கணக்கில் விழுங்கும் குளிசைகளில் சிலதும் கண்ணீரைக் குறைக்கும். இதோடு எங்கள் கிழக்குக்குக் கச்சான் காற்று வேறு. அந்த மாதங்களில் கழுவிப் போட்ட துணி காய்கிற வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கும் அதே காற்றுத்தான். இரவு முழுக்க முகத்துக்கு நேரே ஃபேனைத் திருப்பி வைத்துத் தூங்கினால் விடியக் கண் எப்படி இருக்கும்?

வாயும் கண்ணும் சேர்ந்து காய்கிறது, பாண் விழுங்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறது என்று ஒரு மாமி சொன்னால் "வயசு" என்று சொல்லித் தட்டிவிடாதீர்கள். உடம்பு தன் சொந்தச் சுரப்பிகளையே தாக்குகிற ஷோகிரன் என்ற வருத்தம் இருக்கிறது. 1933இல் சுவீடன் நாட்டுக் கண் டொக்டர் ஒருவர் விவரமாக எழுதியதால் அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. எங்கள் பெண்களின் முறைப்பாட்டை நாங்கள் காது கொடுத்துக் கேட்பது குறைவு. அழுதழுது கண் போயிற்று என்போம், இல்லாவிட்டால் நாடகம் என்போம்.

இனி அந்தப் போத்தலுக்கு வருவோம். ஸ்டெரொயிட் கெட்ட மருந்து இல்லை. கண் வறட்சியில் அழற்சி கூடினால் கண் டொக்டர்களே அதைக் கொஞ்ச நாளைக்குக் கொடுப்பார்கள், ஆனால் அழுத்தத்தை அளந்து பார்த்துத்தான். ஏனென்றால் தொடர்ந்து விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஏறும், சிலருக்கு மிகக் கடுமையாக ஏறும். நோவு இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து தின்னப்பட்டு வரும், நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும். அதனால்தான் ராத்தா பத்து மாதமும் அழகாகத் தைத்துக்கொண்டிருந்தார். வெண்புரையும் சீக்கிரம் வரும். கண்ணில் பூஞ்சையோ வைரஸோ இருந்தால் இது நெருப்பில் எண்ணெய்.

சிவப்பை மட்டும் போக்கும் இன்னொரு வகைச் சொட்டு மருந்தும் இருக்கிறது. இரத்தக் குழாயைச் சுருக்கும், நிறுத்தினால் முன்பைவிடச் சிவக்கும், மறுபடி விட வைக்கும். அதற்கும் வறட்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்போது பார்மசிக்காரச் சகோதரர்களுக்கு. உங்களை வியாபாரம் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டெரொயிட் கண் மருந்து டொக்டர் துண்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். "நாங்க கொடுக்காவிட்டால் அடுத்த கடையில வாங்குவாங்க" என்று எங்களிடமே ஒருவர் சொன்னார். இதே நியாயத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போதை விற்கிறவன் சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் போகும். சுபஹோடு போய் நம்பர் எடுத்து, பகல் வரை வாங்கில் காத்திருந்தால் அன்றைய தையல் கூலி இல்லை. அது உண்மை, அதைச் சொல்லி யாரும் ராத்தாவைக் குற்றம் சாட்ட முடியாது. குற்றம் எங்களில். ஒரு நாள் கூலிக்கும் ஒரு ஓட்டோவுக்கும் வழி செய்து அவரை முதல் மாதமே அனுப்பியிருக்க எங்களால் முடிந்தது. பெருநாள் உடுப்பு நேரத்துக்கு வரவில்லை என்று மட்டும் போன் எடுத்தோம்.

ஆசிரியர்களாகிய நாங்களும் சும்மா இல்லை. மனிதன் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் கண் சிமிட்டுவான். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும், சிமிட்டினாலும் அரைகுறையாகச் சிமிட்டும். முழுதாக மூடித் திறந்தால்தான் எண்ணெய் கண்ணில் பரவும். இது தெரிந்தும் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குரூப்பில் நோட்ஸ் போட்டு, பிள்ளைகளைப் போனில் பார்த்துக் கொப்பியில் எழுத வைப்பது யார்? விடிந்ததும் வகுப்பில் கண்ணைக் கசக்கும் பிள்ளையைப் பார்த்து "ராவெல்லாம் போன் நோண்டினியா?" என்று ஏசுவது யார்? நாங்கள்தான்.

மருத்துவம் பெரிய இரகசியம் இல்லை. முதலில் சோதனை. கண் ஓரத்தில் ஒரு வடிதாள் துண்டை ஐந்து நிமிடம் வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள், 5 மில்லிமீற்றருக்கும் குறைவென்றால் கண்ணீர் போதாது. சாயம் விட்டு, படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள். பிறகு செயற்கைக் கண்ணீர். கார்பொக்ஸிமெதில் செலுலோஸ், ஹைப்ரோமெலோஸ் போன்ற பெயர்களில் வரும். நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைட் இல்லாத வகையைக் கேளுங்கள். அந்த இரசாயனமே கண்ணைப் புண்ணாக்கும். சுரப்பி அடைப்புக்கு, சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் பத்து நிமிடம் வைத்து, ஆறினால் மறுபடி நனைத்து, பிறகு இமையை விளிம்பை நோக்கி மெதுவாக நீவி விட வேண்டும். நாள்தோறும், வாரக் கணக்கில். இதற்குச் செலவு ஒரு கேத்தல் சுடுதண்ணீர். மீன் எண்ணெய்க் குளிசையைப் பெரிதாக நம்பி வாங்க வேண்டாம். 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் ஒலிவ் எண்ணெய் குடித்தவர்களைவிட அது குடித்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை.

ஒரு போத்தலை வீடு முழுக்கப் பாவிப்பதையும் விடுங்கள். 2023இல் அமெரிக்காவில் கிருமி கலந்த செயற்கைக் கண்ணீரால் கண் இழந்தவர்களும் இருக்கிறார்கள், உயிர் இழந்தவர்களும் இருக்கிறார்கள். அது தொழிற்சாலையில் வந்த கிருமி. எங்கள் வீட்டில் அந்தக் கிருமியை நாங்களே விரலால் சேர்க்கிறோம். கண் சிவந்திருக்கும்போது கடைச் சுருமாவும் வேண்டாம், பல வகைகளில் ஈயம் இருக்கிறது.

நோன்பு நேரத்தில் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. எங்கள் ஷாஃபி மத்ஹபில் கண் திறந்த துவாரமாகக் கணிக்கப்படுவதில்லை. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும், தொண்டைக்கு வருவதை விழுங்காவிட்டால் கண் சொட்டு மருந்தால் நோன்பு முறியாது என்றே தீர்மானித்தது. சந்தேகம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது எழுந்து போய் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். கண் மருந்துப் போத்தலில் டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், ப்ரெட்னிசொலோன் என்று இருக்கிறதா? சத்திர சிகிச்சைக்குப் பிறகு டொக்டர் எழுதிக் கொடுத்ததென்றால் அவர் சொன்னபடி விடுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். துண்டு இல்லாமல் வாங்கியதென்றால் அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே கண் கிளினிக்குக்குப் போய் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். தனியாகப் போக முடியாதவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ராத்தாவுக்கு வருகிற செவ்வாய் கிளினிக், ஓட்டோவில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.