ரூட் பாஸ்வேர்டு கையில இருந்தா போதுமா மக்கா?

போன மாசம் பாளையங்கோட்டையில ஒரு டீக்கடை. பெஞ்சுல நமக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன். கம்ப்யூட்டர் சயின்ஸ், மூணாவது வருஷம். முன்னால இருந்த டீ ஆடை கட்டிப் போச்சு, தம்பி தொடவே இல்ல.

"என்னடே, அரியரா?"ன்னு கேட்டேன்.

"அரியர்னா எழுதிப் பாஸ் பண்ணிரலாம்ணே. இது வேற"ன்னான்.

மேட்டர் இதுதான் மக்களே. ரெண்டாவது வருஷத்துல டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு வெப்சைட் பண்ணியிருக்கான். செம கைதட்டல். அந்த ஜோர்ல மாசம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துட்டான். பணத்தைக் கட்டினா நிமிஷத்துல சர்வர் ரெடி. ரூட் பாஸ்வேர்டு கைக்கு வந்துரும். அப்புறம் என்ன, தெரிஞ்ச கடைக்கெல்லாம் ஒரு ரவுண்டு. "அண்ணாச்சி, உங்க கடைக்கு சைட் பண்ணி என் சர்வர்லயே வச்சுத் தாரேன். வருஷத்துக்கு ரெண்டாயிரம்தான்!" அல்வாக் கடை, லாட்ஜ், ஜவுளிக் கடை, ஒரு டியூஷன் சென்டர்னு எட்டு பேர் சேர்ந்தாச்சு. தம்பி விசிட்டிங் கார்டே அடிச்சுட்டான்.

சர்வர் நடத்த என்ன படிச்சான்? ரெண்டு வீடியோ. அதுல வந்த கமாண்டை அப்படியே காப்பி பேஸ்ட். எரர் வந்தா? எல்லா ஃபோல்டருக்கும் 777. அதாவது, அந்த மெஷினுக்குள்ள எப்படியோ நுழைஞ்சவன் எவனா இருந்தாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். பூட்டு இறுகுதுன்னு கதவையே கழட்டி வச்ச கதை! எரர் போச்சு. தம்பிக்கு சந்தோஷம்.

அடுத்தது பேக்கப். டியூஷன் சென்டர் சைட்டை மொத்தமா ஒரே ஜிப் ஃபைலா சுருட்டினான். எடுக்க வசதியா இருக்கட்டும்னு, சைட்டோட பப்ளிக் ஃபோல்டர்லயே போட்டுட்டான். ஃபைலுக்குப் பேரு 'பேக்கப்'. இந்த மாதிரிப் பேருள்ள ஃபைல் எங்கயாவது கிடக்கான்னு சைட் சைட்டா தட்டிப் பார்க்கிற புரோகிராம்கள் ராப்பகலா ஓடிக்கிட்டு இருக்கு. அது அவனுக்குத் தெரியல. ஜிப்புக்குள்ள இருந்தது பிளஸ் டூ பிள்ளைகளோட அட்மிஷன் ஃபார்ம். பேரு, போட்டோ, வீட்டு அட்ரஸ், போன் நம்பர்.

கொஞ்ச நாள்ல ஒரு பொண்ணு வீட்டுக்கு ராங் கால். அப்புறம் நாலு வீட்டுக்கு. பேரைச் சொல்லி, தெருவைச் சொல்லிப் பேசுறான். ஒரு அப்பா, பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது பிள்ளையை டியூஷன்ல இருந்து நிறுத்திட்டார். சென்டர் நடத்துற மிஸ்ஸுக்கு ஒண்ணும் புரியல. தம்பிக்குப் புரிஞ்சுது. சத்தமில்லாம அந்த ஃபைலை அழிச்சான். யாருக்கும் மூச்சு விடல. மூணு வாரமா டீ இறங்கல.

"பெரிய பெரிய கம்பெனியே சொதப்புதேண்ணே. நான் சின்னப் பையன்"னான்.

நியாயமான கேள்விதான். சொதப்புதாங்க! கிட்லேப்னு ஒரு கம்பெனி. உலகம் பூரா புரோகிராமர்கள் கோடு போட்டு வைக்கிற இடம். 2017 ஜனவரி 31 அன்னைக்கு அங்க ஒரு இன்ஜினியர், துணை சர்வர்ல இருக்கோம்னு நினைச்சு, முதன்மை சர்வர்ல டேட்டாபேஸை அழிக்கிற கமாண்டைத் தட்டிட்டார். சுதாரிச்சு நிறுத்துறதுக்குள்ள, சுமார் 300 ஜிபி இருந்த இடத்துல மிச்சம் 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்குமேன்னு தேடினா, அஞ்சு விதமா ஏற்பாடு பண்ணி வச்சிருந்ததுல ஒண்ணுகூட நம்பி எடுக்கிற நிலையில இல்ல. ஆறு மணி நேரத்துக்கு முன்னால, வேற ஒரு வேலைக்காக அதே இன்ஜினியர் கையால எடுத்து வச்ச காப்பி ஒண்ணுதான் காப்பாத்துச்சு. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

ஆனா தம்பி, அடுத்து அவங்க என்ன பண்ணாங்கங்கிறதுதான் முக்கியம். தப்பை மறைக்கல. என்ன நடந்துச்சுன்னு ஊருக்கே எழுதிப் போட்டாங்க. சரி பண்ற வேலையை யூடியூப்ல நேரடியாவே காட்டினாங்க. நீ மூணு வாரமா வாயைத் திறக்கல. அந்த மூணு வாரமும் அந்தப் பிள்ளைகளுக்கு யார் கூப்பிடுதான், ஏன் கூப்பிடுதான்னே தெரியாது.

இதுக்கு சட்டமும் இருக்கு மக்களே. சர்வர்ல இந்த மாதிரி அத்துமீறல் நடந்தா, தெரிஞ்ச ஆறு மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு மத்திய அரசோட செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல்ல உத்தரவு போட்டது. லாக் ஃபைலை 180 நாள் பத்திரமா வைக்கணும்னும் அதுல இருக்கு. 2023-ல வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் கட்டம் கட்டமா அமலாகுது. பாதுகாப்புல கோட்டை விட்டா, உச்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகும். பாதிக்கப்பட்டவங்களுக்குத் தகவல் சொல்றதும் அதுல கடமை.

சட்டத்தை விடுங்க. நம்ம ஆத்தைப் பாருங்க. கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு. எந்த மதகை எப்போ, எவ்வளவு திறக்கணும்னு தெரிஞ்சவங்க கையிலதான் அதை விடுவோம். நேத்து வந்த பையன்கிட்ட சாவியைக் கொடுத்து 'பார்த்துக்கடே'ன்னா கீழே இருக்கிற வயக்காரங்க சும்மா விடுவாங்களா? சர்வரும் அப்படித்தான். அதுல 65,535 போர்ட் உண்டு. ஒவ்வொண்ணும் ஒரு மதகு. சாதாரண வெப்சைட்டுக்கு வெளியே திறந்திருக்க வேண்டியது 80, 443. நீங்க உள்ளே போக 22. மத்ததை ஃபயர்வால் போட்டு அடைக்கணும்.

அடைக்காம விட்டா? 2017 ஜனவரியில பார்த்தோமே! மாங்கோடிபி டேட்டாபேஸ்களை பாஸ்வேர்டே இல்லாம இணையத்துக்குத் திறந்து வச்சிருந்தவங்க ஆயிரக்கணக்குல மாட்டினாங்க. எவனோ வந்தான், எல்லாத்தையும் அழிச்சான், 'பிட்காயின் கொடு'ன்னு சீட்டு எழுதி வச்சுட்டுப் போயிட்டான். பூட்டை உடைச்சு வரல பாஸ், திறந்த கதவு வழியா வந்தான்.

பேக்கப்புக்கும் நம்ம ஊர்ப் பாடமே இருக்கு. 2023 டிசம்பர் 17, 18 மறக்குமா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. நெல்லை ஜங்ஷன் பக்கம் கடைக்குள்ள ஆறு புகுந்துச்சு. கம்ப்யூட்டரும், பக்கத்துல இருந்த ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்துதான் நனைஞ்சிருக்கும். அதனாலதான் மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வெளியூர்லன்னு ஒரு கணக்கு சொல்வாங்க. நான் நாலாவதா ஒண்ணு சேர்க்கேன்: மாசம் ஒரு தடவை அந்தக் காப்பியை வேற மெஷின்ல போட்டு சைட் எழும்புதான்னு பாருங்க. எழும்பாத பேக்கப், பேக்கப்பே இல்ல.

அப்போ சர்வர் பக்கமே போகக் கூடாதா? ஐயோ, தாராளமா போங்க! ஆனா முதல்ல உங்க சொந்த சாமானை உடைங்க. வீட்டுல கிடக்கிற பழைய லேப்டாப்ல டெபியனோ உபுண்டுவோ போடுங்க. லேப்டாப் இல்லையா, ஃப்ரெண்டு கம்ப்யூட்டர்ல விர்ச்சுவல்பாக்ஸ் போதும், பைசா செலவில்ல. ரூட்டா நேரா லாகின் பண்றதை நிறுத்துங்க. பாஸ்வேர்டுக்குப் பதிலா எஸ்எஸ்எச் கீ வைங்க. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. தட்டுற கமாண்டு ஒவ்வொண்ணும் என்ன பண்ணுதுன்னு மேனுவல்ல படிச்சுட்டுத் தட்டுங்க. லாக் ஃபைலைத் தினமும் பாருங்க. இணையத்துல விட்ட புது சர்வரோட கதவை எத்தனை பேர் தட்டுதான்னு பார்த்தாலே தூக்கம் போயிரும். வேணும்னே எல்லாத்தையும் அழிச்சுட்டு, பேக்கப்ல இருந்து மீட்டுப் பாருங்க. ஒரு செமஸ்டர் இப்படி ஓட்டுங்க. அதுக்கப்புறம் அண்ணாச்சி கடைக்குப் போங்க.

தம்பி கதைக்கு வருவோம். அன்னைக்கு சாயங்காலமே மிஸ் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். வாசல்ல நின்னபடியே முழுசையும் சொல்லிட்டான். மிஸ் திட்டுவாங்கன்னு பார்த்தோம். திட்டல.

"சைட் போனா போகட்டும்பா. அந்தப் பிள்ளைய அம்மாமாருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"னு மட்டும் கேட்டாங்க.

அவன்கிட்ட பதில் இல்ல. அட்மிஷன் நோட்டை எடுத்துக் கையில கொடுத்தாங்க. மொத்தம் 43 வீடு. ஒவ்வொரு வீட்டுக்கா போன் போட்டு, என்ன நடந்துச்சு, யார் பண்ணதுன்னு அவனே சொன்னான். சில பேர் திட்டினாங்க. ஒரு அம்மா அழுதாங்க. நிறுத்தின அப்பா போனை எடுக்கவே இல்ல. மிஸ் அவனைக் கூட்டிக்கிட்டு அந்த வீட்டுக்கு நேர்லயே போனாங்க.

எட்டு பேரோட சைட்டையும் வேற நல்ல இடத்துக்கு மாத்திக் கொடுத்துட்டான், மிச்சக் காசையும் திருப்பிட்டான். இப்போ அவன் ரூம்ல ஸ்கிரீன்ல கோடு விழுந்த ஒரு பழைய லேப்டாப் ஓடுது. வாரம் ஒரு தடவை அதை உடைக்கான், திரும்ப எழுப்புதான். 'எப்போடே மறுபடி கடை திறப்பே?'ன்னு போன ஞாயித்துக்கிழமை கேட்டேன்.

"இன்னும் ஒரு தடவைகூட முதல் முயற்சியிலயே எழும்பலண்ணே. எழும்பட்டும்"ன்னான்.

சரியான பதில். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!